கோழியின் குடலும் சுருட்பாசியும்

கடந்த சில மாதங்களாக அடம்பன், உயிலங்குளம், வட்டக்கண்டல் பக்கங்களில் நாம் சந்திக்கும் கோழி வளர்ப்போர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "பச்சைத் தூள் ஒன்று வந்திருக்கிறதாம். அதைத் தீனில் கலந்தால் புரொயிலர் குஞ்சுக்குக் கழிச்சல் வராதாம், மருந்தும் தேவையில்லையாம். வாங்கலாமா?"

இந்தக் கேள்வியைச் சிறிய கேள்வி என்று நாம் தள்ளிவிட முடியாது. கேட்பவர்கள் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் வீடு, வயல், மாடு, கோழி எல்லாவற்றையும் விட்டு வெளியேறியவர்கள். முல்லைத்தீவுக் கரை வரை அலைந்து, மெனிக் பாம் முகாமில் காலம் கழித்து, மீண்டும் காடு மண்டிய வளவுக்கு வந்து சேர்ந்தவர்கள். சொந்தக் காணி கிடைக்காமல் உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவர்களும் உண்டு. வயல் இருந்தாலும் கட்டுக்கரைக்குளத்தில் நீர் இருந்தால்தான் விதைப்பு. கோழிக்கு அவ்வளவு நிலம் வேண்டாம். ஆறு கிழமையில் காசு கையில் வரும். அதனால்தான் சங்கத்தில் கடன் எடுத்து 50 குஞ்சு, 100 குஞ்சு என்று வாங்குகிறார்கள். குஞ்சு மூன்றாம் கிழமையில் செத்துப்போனால் கடன் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே இந்தப் பாடத்தில் மூன்று விடயங்களைப் பார்ப்போம். கோழியின் குடல் எப்படி வேலை செய்கிறது? அந்தப் பச்சைத் தூள், அதாவது சுருட்பாசி, குடலுக்கு உண்மையில் என்ன செய்கிறது? நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா?

1. கோழியின் குடல்

கோழிக்குப் பல் இல்லை. அது விழுங்கிய தீன் முதலில் கழுத்தடியிலுள்ள தீன்பையில் தங்கி ஊறும். பின் இரைப்பையில் அமிலமும் நொதியமும் சேரும். அடுத்து, தசை தடித்த அரைக்கும் பையில் அரைபடும். அதன் பிறகு சிறுகுடலுக்குள் செல்லும். தீனில் உள்ள சத்து உடலில் சேருவது பெரும்பாலும் சிறுகுடலிலேதான்.

சிறுகுடலின் உட்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு பூந்துவாய் போலத் தெரியும். துவாயில் நூல் நூலாக நிற்பது போல, குடற்சுவரில் கோடிக்கணக்கான சிறு முளைகள் நிற்கின்றன. இவற்றைப் பாடசாலைப் புத்தகங்களில் சடைமுளைகள் என்பார்கள். சடைமுளை உயரமாகவும் நெருக்கமாகவும் நின்றால் சத்தை உறிஞ்சும் பரப்பு கூடும். அது தேய்ந்து குட்டையானால், எவ்வளவு நல்ல தீன் போட்டாலும் பாதி எச்சத்தோடு போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய தீன் உமிப் படுக்கையில் கிடக்கும்.

குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்களும் ஏராளமாக வாழ்கின்றன. அவற்றுள் நன்மை செய்பவை உண்டு. தயிரைப் புளிக்கச் செய்யும் இனத்தைச் சேர்ந்த இலக்டோபசிலசு என்பது அவற்றில் ஒன்று. தீமை செய்பவையும் உண்டு. நல்லவை இடம் பிடித்துக்கொண்டால் தீயவற்றுக்கு இடமில்லை. வயலில் நெல் அடர்த்தியாக வளர்ந்தால் களை அடங்குவது போன்றது இது.

ஊர்க்கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மேயும்போது, குஞ்சுகள் தாயின் சுற்றுப்புறத்திலிருந்து இந்த நல்ல பற்றீரியாக்களைக் கொத்திப் பெறுகின்றன. பொரிப்பகத்தில் இயந்திரத்தில் பொரித்த புரொயிலர் குஞ்சு தாயின் செட்டைக்குள் ஒருநாளும் ஒதுங்கியதில்லை. அதன் குடல் ஏறக்குறைய வெறுமையாகவே உங்கள் வீட்டுக்கு வருகிறது. முதலில் எது உள்ளே போகிறதோ அதுவே குடியேறும். சுத்தமான தண்ணீரும் உலர்ந்த படுக்கையும் கிடைத்தால் நல்லவை குடியேறும். முந்திய தொகுதிக் கோழிகளின் ஈர எச்சத்தின் மேல் விட்டால் நோய் குடியேறும். குஞ்சின் குடல் மிக வேகமாக வளர்வது முதல் ஒரு கிழமை, பத்து நாளில்தான். அந்த நாட்களில் கெட்டுப்போன குடலைப் பின்னர் திருத்துவது கடினம்.

2. குடல் எதனால் கெடுகிறது?

நமது பகுதியில் நாம் அடிக்கடி காணும் காரணங்கள் ஐந்து.

முதலாவது, ஈரப் படுக்கை. மாரி மழை தொடங்கியதும் சாரல் கொட்டிலுக்குள் அடிக்கிறது. தண்ணீர்ப் பாத்திரமும் கவிழ்கிறது. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கொக்சிடியா என்னும் நுண்ணுயிரின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே விழுகின்றன. அவை உடனே நோய் தரமாட்டா. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் முதிர்ந்து, அதைக் கொத்தும் கோழியின் சடைமுளைகளைப் பிய்த்துவிடும். உமி உலர்ந்திருந்தால் அவற்றுள் பெரும்பகுதி முதிராது.

இரண்டாவது, வெக்கை. மன்னார்ப் பகுதி நாட்டின் வரண்ட பகுதிகளில் ஒன்று. அதற்குள் தகரக் கூரை போட்ட கொட்டில் என்றால் மதியத்தில் அடுப்புப் போல இருக்கும். கோழிக்கு வியர்வை இல்லை. அது வாயைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றும். அப்போது உடல் தன் இரத்தத்தைத் தோல் பக்கம் கூடுதலாக அனுப்பும்; குடலுக்குப் போகும் இரத்தம் குறையும். குடற்சுவர் தளர்ந்து, உள்ளே அடைபட்டிருக்கவேண்டிய கிருமியும் நஞ்சும் இரத்தத்தில் கசியத் தொடங்கும்.

மூன்றாவது, அழுக்குத் தண்ணீர். கோழி தின்னும் தீனின் நிறையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீர் குடிக்கும். வெக்கையில் இன்னும் கூடும். எனவே தீனைவிடத் தண்ணீரே அதிகம் உள்ளே போகிறது. பாத்திரத்தின் அடியில் வழுக்கும் அழுக்கு, கிருமியின் வீடு.

நான்காவது, பூஞ்சணம் பிடித்த தீன். ஈரத் தரையில் சாக்கை வைத்தால் சோளத்திலும் புண்ணாக்கிலும் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சு ஈரலையும் குடலையும் சேர்த்துக் கெடுக்கும்.

ஐந்தாவது, தீனைத் திடீரென மாற்றுவது. காசு தட்டுப்படும்போது தீனை நிறுத்தித் தவிட்டை மட்டும் போடுகிறோம். 2022 ஆம் ஆண்டு டொலர் தட்டுப்பாட்டில் தீன் விலை ஏறியபோது பலருக்கும் இந்த நிலை வந்தது. மாற்றுவதானாலும் நாலைந்து நாளில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும்.

3. மருந்து கலந்த தீனின் கதை

1940களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு விடயம் தற்செயலாகத் தெரியவந்தது. நுண்ணுயிர்கொல்லி மருந்து தயாரித்த கழிவைத் தின்ற குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அதன் பின் உலகெங்கும் நோயில்லாத கோழிக்கும் தீனில் சிறிதளவு மருந்து கலக்கும் வழக்கம் பரவியது. ஆனால் நாளாக ஆக அந்த மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகின. மனிதருக்கு அதே மருந்தைக் கொடுக்கும்போது அது பலிக்காமல் போகும் ஆபத்து எழுந்தது.

சுவீடன் 1986 இல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் முற்றாக நிறுத்தியது. மனிதருக்கு முக்கியமான மருந்துகளை விலங்கின் வளர்ச்சிக்காகப் பயன்படுத்தவேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2017 இல் வழிகாட்டியது. மருந்தை நிறுத்தினால் குடலைக் காப்பது எப்படி என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது. அதற்கு விடை தேடியவர்கள் பார்த்த பொருட்களுள் ஒன்றுதான் சுருட்பாசி.

4. சுருட்பாசி என்பது என்ன?

ஸ்பைருலினா என்று விற்கப்படுவதும் இதுவே. நீலப்பச்சை அல்கா வகையைச் சேர்ந்த நுண்ணிய உயிர். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சுருள் கம்பி போலத் தெரியும். காரத்தன்மை கூடிய, சோடா கலந்த நீரில் வாழும். காய்ந்த சுருட்பாசியில் நூற்றுக்கு 55 முதல் 70 பங்கு புரதம். விற்றமின் ஏ ஆக மாறும் பீற்றா கரோற்றீனும் இரும்பும் அதிலுண்டு. அதன் கலச்சுவரில் செலுலோசு இல்லாதபடியால் இலகுவில் செரிக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஆபிரிக்காவில் சாட் ஏரியின் கரையில் வாழும் கானெம்பு மக்கள், குறிப்பாகப் பெண்கள், இப்பாசியை வடித்து மணலில் காயவைத்துக் குழம்பில் சேர்த்து உண்பது நெடுங்கால வழக்கம். மெக்சிக்கோவின் ரெக்சுக்கோக்கோ ஏரியிலும் பழங்குடி மக்கள் இதை வடித்து உண்டார்கள்.

நமக்கு அருகில், சென்னை தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி நிலையம் கலாநிதி சி. வி. சேஷாத்திரி அவர்களின் தலைமையில் இதைக் கிராமத்துக்குக் கொண்டுவர முயன்றது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏறக்குறைய 5000 சிறு பிள்ளைகளுக்கு நாளுக்கு 1 கிராம் வீதம் 150 நாட்கள் சுருட்பாசி கொடுக்கப்பட்டது. விற்றமின் ஏ குறைவால் கண்ணில் வரும் வெண்புள்ளி அப்பிள்ளைகளிடையே பெருமளவு குறைந்ததாக அறிக்கை வெளிவந்தது. தென்னிந்தியக் கிராமங்களில் மண்பானையைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து, சாண எரிவாயுக் கழிவு நீரும் உப்பும் சோடாவும் கலந்து, பெண்கள் வீட்டு வளவிலேயே இதை வளர்த்த முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் 2008 இல் எடுத்துக் கூறியது.

5. கோழிக்குக் கொடுத்தபோது என்ன நடந்தது?

மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் புரொயிலர் குஞ்சுகளின் தீனில் மீன்தூளையும் நிலக்கடலைப் புரதத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுருட்பாசியைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1994 இல் முடிவு வெளியானது. வளர்ச்சி குறையவில்லை. வேறு விற்றமின், தாதுப்பொருள் சேர்க்காமலே கோழிகள் நன்றாக இருந்தன. இறைச்சியின் நிறம் மட்டும் கூடியது. 1990 இல் ஹவாயில் வெளியான ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு 12 பங்கு வரை சேர்த்தபோதும் புரொயிலர் வளர்ச்சி மற்றக் கோழிகளைப் போலவே இருந்தது. ஆனால் வேறு இனக் குஞ்சுகளுக்கு 10, 20 பங்கு என்று கூட்டியபோது வளர்ச்சி குன்றியது.

இவை பாசியை உணவாகப் பார்த்த ஆய்வுகள். குடலைப் பற்றிய ஆய்வுகள் பின்னர் வந்தன. அவற்றில் சேர்த்தது மிகச் சிறிய அளவு, பெரும்பாலும் நூற்றுக்கு 1 பங்குக்கு உட்பட்டது. 2018 இல் தென்கொரியாவில் வெளியான ஆய்வில், கால் பங்கு முதல் 1 பங்கு வரை கூட்டக் கூட்ட, குடலில் இலக்டோபசிலசு பெருகியது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு குறைந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990களில் செய்த ஆய்வுகள், சுருட்பாசி தின்ற கோழிகளின் நோய் எதிர்ப்புக் கலங்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ததைக் காட்டின. வேறு சில பரிசோதனைகளில் சடைமுளைகள் உயர்ந்திருந்தன. பாசியிலுள்ள நீலநிறப் பொருள் வெக்கையாலும் நோயாலும் கலங்களுக்கு வரும் சேதத்தைக் குறைக்க உதவுகிறது என்றும் விளக்குகிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாப் பரிசோதனைகளிலும் நிறை கூடவில்லை. சிலவற்றில் வித்தியாசமே இல்லை. போர்த்துக்கல்லில் 2020 இல் வெளியான ஆய்வில் நூற்றுக்கு 15 பங்கு சேர்த்தபோது, குடலுக்குள் தீன் கூழ் போலப் பிசுபிசுத்து, செரிமானம் தடைப்பட்டு, கோழிகளின் வளர்ச்சி குறைந்தது. சிறிதளவு நல்லது என்றால் கூடுதலாகப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு.

சுருட்பாசி இரத்தக் கழிச்சலுக்கு மருந்து அல்ல. ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசியும் அல்ல. நல்ல பராமரிப்பில் இருக்கும் கோழியின் குடலுக்கு அது ஒரு துணை. கெட்ட பராமரிப்பை அது ஈடு செய்யாது.

6. ஒரு முக்கிய எச்சரிக்கை: குளத்துப் பாசி வேறு

"பாசிதானே, கட்டுக்கரைக்குளத்திலும் வாய்க்காலிலும் பச்சையாகக் கிடக்கிறது, அதை அள்ளிப் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து போடவேண்டாம். வரட்சி நாட்களில் குளத்து நீரில் பச்சைச் சாயம் போல் மிதப்பதில் மைக்ரோசிசுற்றிசு போன்ற நஞ்சுள்ள நீலப்பச்சை அல்காக்கள் இருக்கக்கூடும். அவற்றின் நஞ்சு ஈரலைத் தாக்கும். கோழியை மட்டுமல்ல, மாட்டையும் மனிதரையும் கொல்ல வல்லது. கண்ணால் பார்த்து எது நஞ்சு, எது நஞ்சில்லாதது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. சுருட்பாசி வளர்ப்பதானால் பரிசோதித்த தூய விதைப்பாசியைப் பெற்றுத்தான் வளர்க்கவேண்டும்.

7. கணக்குப் பார்ப்போம்

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். நாமும் உட்காருவோம்.

ஒரு புரொயிலர் கோழி 2 கிலோ அளவுக்கு வரும்வரை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ தீன் தின்னும். 100 கோழிக்கு 350 கிலோ. அதில் நூற்றுக்கு 1 பங்கு என்றால் மூன்றரைக் கிலோ சுருட்பாசித் தூள். மனிதர் உண்பதற்காகச் சிறு போத்தல்களில் விற்கும் தூளின் விலையைக் கடையில் கேளுங்கள். அதை மூன்றரைக் கிலோவுக்குப் பெருக்குங்கள். பின் 100 கோழி விற்றுக் கிடைக்கும் இலாபத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலானோருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கடன் எடுத்துத் தூள் வாங்கவேண்டாம் என்பதே எமது ஆலோசனை.

சொந்தமாக வளர்த்தால்? நன்கு பராமரித்த தொட்டியில் 1 சதுர மீற்றருக்கு நாளுக்கு 5 முதல் 7 கிராம் வரை காய்ந்த பாசி எதிர்பார்க்கலாம். 6 கிராம் என்று வைத்தால் 40 நாளில் 240 கிராம். 100 கோழிக்கு முழுக் காலமும் 1 பங்கு கொடுக்க ஏறக்குறைய 15 சதுர மீற்றர் தொட்டி வேண்டும். அது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வேலை.

ஆனால் குடல் வளரும் முதல் இரண்டு கிழமை மட்டும் கொடுப்பதானால் கணக்கு மாறுகிறது. முதல் கிழமையில் ஒரு குஞ்சு நாளுக்குச் சராசரி 25 கிராம் தீன் தின்னும். 25 குஞ்சுக்கு 600 கிராம் வரை. அதில் 1 பங்கு, 6 கிராம். இரண்டாம் கிழமையில் தீன் இரு மடங்காகும். அதே 6 கிராம் அப்போது அரைப் பங்கு. அதாவது 1 சதுர மீற்றர் தொட்டி ஒன்று 25 குஞ்சுகளுக்கு முதல் 14 நாளும் போதும். காயவைக்கும் வேலையும் இல்லை. பிழிந்த ஈரப் பாசி 5 கிராம், காய்ந்த பாசி 1 கிராமுக்குச் சமம். ஆகவே நாளுக்கு 30 கிராம் ஈரப் பாசி, ஏறத்தாழ இரண்டு மேசைக்கரண்டி.

8. வளர்க்கும் முறை

சுருட்பாசிக்குப் பிடித்த சூடு 30 முதல் 38 பாகை செல்சியசு. நமது வெயில் அதற்கு ஏற்றது. கோழியை வாட்டும் அதே வெயில் பாசியை வளர்க்கும்.

தொட்டி: 1 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம். செங்கல் அல்லது பலகை அடுக்கி உள்ளே தடித்த பொலித்தீன் விரித்தால் போதும். இடம் மாறவேண்டி வந்தால் கழற்றிக்கொண்டு போகலாம். நீரின் ஆழம் 20 செ.மீ. அது 200 லீற்றர்.

நீர்: மழைநீர் மிக நல்லது. நமது கிணறுகள் பலவற்றில் சுண்ணாம்பு கூட. அந்த நீரில் சோடாவைப் போட்டால் பால் போலத் திரைந்து வெள்ளைப்படிவு அடியில் தங்கும். போட்ட சத்து வீணாகும். மாரியில் கூரைநீரைச் சேர்த்து வைத்தால் உதவும்.

சத்து: 1 லீற்றருக்கு அப்பச்சோடா 8 கிராம், அயடீன் சேராத உப்பு 5 கிராம். 200 லீற்றருக்கு 1.6 கிலோ சோடாவும் 1 கிலோ உப்பும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதை வாங்கவேண்டாம். இவற்றோடு நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம், இரும்பு ஆகியவை சிறிதளவு தேவை. அவற்றை விதைப்பாசி தருபவர்கள் சொல்லும் அளவில் மட்டும் சேருங்கள். யூரியாவைக் கை அளவில் போட்டால் அமோனியா உண்டாகிப் பாசி ஒரே இரவில் செத்துவிடும்.

பராமரிப்பு: தொடக்கத்தில் பாசி ஐதாக இருக்கும்போது கடும் வெயில் பட்டால் வெளிறிச் செத்துவிடும். கிடுகு நிழல் கொடுங்கள். அடர்ந்தபின் காலை வெயில் படட்டும். மத்தியானத்தில் நிழல் தேவை. நாளுக்குக் குறைந்தது நாலு தடவை சுத்தமான தடியால் கலக்குங்கள். மழை விழாமலும் இலை, பூச்சி விழாமலும் மேலே மறைப்புப் போடுங்கள். கோழியும் காகமும் கிட்ட வரக்கூடாது. இவ்வேலை பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஏற்றது. ஆனால் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும்.

அறுவடை: ஒரு தடியின் நுனியில் வெள்ளை மூடி ஒன்றைக் கட்டி நீருள் இறக்குங்கள். இரண்டு மூன்று செ.மீ. ஆழத்திலேயே மறைந்தால் பாசி அடர்ந்துவிட்டது. அதிகாலையில் நெருக்கமான துணியில் வடித்து, வடிந்த நீரைத் தொட்டிக்கே விடுங்கள். துணியில் நின்ற பாசியை நல்ல நீரில் ஒரு தடவை அலசிப் பிழியுங்கள். நிறம் கடும் பச்சையாக, மணம் இலேசாக இருக்கவேண்டும். அழுகல் நாற்றம் அடித்தாலோ நிறம் மாறினாலோ முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். மனம் நோகும், ஆனாலும் கோழிக்குப் போடாதீர்கள்.

9. கொடுக்கும் முறையும் சோதித்துப் பார்த்தலும்

பிழிந்த பாசியைச் சிறிதளவு தீனோடு கையால் பிசிறி, காலையில் முதல் தீனாகப் போடுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவே போடவேண்டும். மிஞ்சியதை எடுத்துவிடுங்கள்; ஈரத்தீன் புளித்தால் குடலுக்குக் கேடு. மிகுதி நேரம் வழக்கமான உலர்ந்த தீன்.

உடனே முழுத் தொகுதிக்கும் கொடுக்கவேண்டாம். 50 குஞ்சு வாங்கினால் கொட்டிலை நடுவில் தட்டி கட்டிப் பிரியுங்கள். ஒரு பக்கம் 25, பாசியோடு. மறுபக்கம் 25, பாசி இல்லாமல். ஒரே தீன், ஒரே தண்ணீர், ஒரே படுக்கை. கிழமைக்கு ஒரு முறை இரு பக்கத்திலும் பத்துப் பத்துக் குஞ்சை நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். எத்தனை செத்தது, எச்சம் எப்படி இருந்தது, எவ்வளவு தீன் போனது என்பதையும் எழுதுங்கள். ஆறு கிழமை முடிவில் உங்கள் கொப்பியே உங்களுக்குப் பதில் சொல்லும். விற்பவர் சொல்வதையும் நாம் சொல்வதையும் விட அதை நம்புங்கள்.

10. காசில்லாமல் இன்றே செய்யக்கூடியவை

சுருட்பாசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பின்வருவனவற்றைச் செய்யாமல் கோழியின் குடலைக் காக்க முடியாது.

- ஒரு தொகுதி விற்றதும் பழைய உமி முழுவதையும் அகற்றுங்கள். தரையைக் கழுவி, சுண்ணாம்பு பூசி, குறைந்தது இரண்டு கிழமை வெறுமையாகக் காயவிடுங்கள். பழைய உமி தோட்டத்துக்கு நல்ல பசளை.
- புதிய உமி 5 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் போடுங்கள். நாளுக்கு ஒரு முறை கிளறுங்கள். கையில் எடுத்துப் பிடித்தால் கட்டியாக நிற்கக்கூடாது. நனைந்த இடத்தை உடனே மாற்றுங்கள்.
- முதல் கிழமை குஞ்சுக்கு 32 முதல் 34 பாகை சூடு தேவை. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர். ஓரத்துக்கு ஓடினால் கூடுதல் சூடு. பரவிப் படுத்தால் சரி.
- தகரக் கூரையின் மேல் கிடுகு அல்லது பனையோலை பரப்புங்கள். மதியத்தில் தீனைக் குறைத்து, காலையிலும் மாலையிலும் கூட்டுங்கள். குளிர்ந்த நீர் எந்நேரமும் இருக்கவேண்டும்.
- தண்ணீர்ப் பாத்திரத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். குடிக்க நீங்கள் தயங்கும் நீரைக் குஞ்சுக்கு வைக்காதீர்கள்.
- தீன் சாக்கைப் பலகையின் மேல், சுவரில் படாமல் வையுங்கள்.
- பீற்றா கரோற்றீன் சுருட்பாசியில் மட்டும் இல்லை. வேலியில் நிற்கும் முருங்கை இலையிலும் தாராளமாக உண்டு. நிழலில் காயவைத்துத் தூளாக்கி, தீனில் நூற்றுக்கு 1 பங்கு சேர்க்கலாம்.
- தடுப்பூசிக்கும் இரத்தக் கழிச்சலுக்கும் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்தை நாடுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்டால் அன்றே போங்கள். நுண்ணுயிர்கொல்லி மருந்தை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கவேண்டாம். கொடுத்தால், அவர் சொல்லும் நாட்கள் கழியுமுன் கோழியை விற்கவும் உண்ணவும் வேண்டாம்.

முடிவாக

இடம்பெயர்ந்த நாட்களில் நாம் எதைக் கொண்டுபோனோம்? கையில் எடுக்க முடிந்ததை மட்டும். கோழிகளைத் திறந்துவிட்டு வந்தோம் என்று இன்றும் கண்கலங்கும் தாய்மாரை நாம் அறிவோம். ஆனால் கோழி வளர்க்கும் அறிவை ஒருவரும் பறிக்கவில்லை. அது நம்மோடு வந்து, நம்மோடு திரும்பியது. சுருட்பாசி வளர்ப்பதும் அப்படிக் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் அறிவே. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொட்டி போட்டுப் பார்க்கலாம். பலித்தால் விதைப்பாசியை அடுத்த வீட்டுக்கும் ஒரு போத்தலில் கொடுங்கள். பலிக்காவிட்டால் இழப்பு சிறிது. உலர்ந்த உமியும் சுத்தமான நீரும் உங்கள் கோழியைக் காக்கும்.

பச்சைத் தூளை வாங்கலாமா என்ற கேள்விக்கு எமது பதில் இதுதான்: கடனுக்கு வாங்கவேண்டாம். கற்றுக்கொண்டு, சிறிதாக வளர்த்து, அளந்து கொடுத்து, எழுதிப் பாருங்கள்.

குழுவில் கலந்துரையாட:

1. கடந்த தொகுதியில் உங்கள் கோழிகள் எந்தக் கிழமையில் அதிகம் செத்தன? அப்போது மழையா, வெக்கையா? படுக்கை எப்படி இருந்தது?
2. மேலே சொன்ன ஐந்து காரணங்களில் உங்கள் கொட்டிலில் இன்று இருப்பவை எவை? செலவில்லாமல் முதலில் திருத்தக்கூடியது எது?
3. உங்கள் கிணற்று நீரில் சிறிது அப்பச்சோடாவைக் கரைத்து ஒரு கண்ணாடிப் போத்தலில் ஒரு நாள் வையுங்கள். அடியில் வெள்ளைப்படிவு தங்கியதா? அதிலிருந்து என்ன அறிகிறீர்கள்?
4. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு தொட்டி போடுவதானால், கலக்கும் வேலையையும் கொப்பி எழுதும் வேலையையும் எப்படிப் பகிர்வீர்கள்?